எத்தனை குதிரை எச்சா எடுக்கலாம்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கமுங்க. கோபியில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காருங்க: "ஸ்விஃப்ட்டோட 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினை 12 மணி நேர ரேஸுக்குத் தயார் பண்றோம். 8000 ஆர்.பி.எம். வரைக்கும் சுத்த விட்டா எத்தனை குதிரைத் திறன் எச்சா கிடைக்கும்?" படிச்சதும் சிரிப்பு வந்திருச்சுங்க. தப்பா எடுத்துக்காதீங்க தம்பி, எல்லாருமே இந்தக் கேள்வியிலதான் ஆரம்பிக்கிறாங்க.

1995-ல பிரான்ஸ்ல நடந்த லே மான்ஸ் 24 மணி நேர ரேஸை ஜெயிச்சது மெக்லாரன் எஃப்1 ஜிடிஆர். அதுல இருந்தது ரோட்டு காருக்குன்னு செஞ்ச பிஎம்டபிள்யூ 6.1 லிட்டர் வி12 தானுங்க. ரோட்டு கார்ல 620 குதிரைக்கு மேல. ரேஸ் கார்ல 600 பக்கம். ஏனுங்க கம்மி? விதிமுறைப்படி காத்து போற வழியில ரெஸ்ட்ரிக்டர் வெச்சுச் சுருக்கிட்டாங்க. ரோட்டுல ஓடறதைவிடப் பவர் கம்மியான வண்டிதான் ஜெயிச்சுது.

இப்ப உங்க எஞ்சினுக்கு வருவோம். நாலு சிலிண்டர் கே-சீரிஸ்னா, போர் (சிலிண்டர் விட்டம்) 73, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கற தூரம்) 71.5 மி.மீ. 8000-ல சராசரி பிஸ்டன் வேகம் வினாடிக்கு 19 மீட்டர். அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லீங்க. பயப்பட வேண்டியது, பிஸ்டனைக் கிராங்க்கோட இணைக்கற கனெக்டிங் ராட் இருக்குல்ல, அதோட போல்ட்டுக்கு. சுத்து ஏற ஏற போல்ட்டு மேல இழுவை வர்க்கக் கணக்குல ஏறும். 7000-ல இருந்து 8000-க்குப் போனா 14 சதவீதம்தான் எச்சுன்னு தோணும், ஆனா இழுவை 30 சதவீதம் எச்சு. அதுவும் ஆக்சிலேட்டரை மிதிக்கிறப்ப இல்ல. புகையைத் தள்ளி முடிச்சுப் பிஸ்டன் உச்சிக்கு வர்ற அந்த நொடியில, மேல இருந்து அமுக்கறதுக்கு எரியற வாயு கிடையாது. அப்பத்தான் ராட் உருவுற மாதிரி இழுபடுது. அதனாலதான் அவசரத்துல கியரைத் தப்பா இறக்கிச் சுத்தை எகிற விடறவங்க எஞ்சின் உடையுது. வால்வ் ஸ்பிரிங்கும் அப்படித்தான். சராசரி 6000-ன்னு வெச்சா, 12 மணி நேரத்துல ஒவ்வொரு ஸ்பிரிங்கும் 21 லட்சம் தடவைக்கு மேல அமுங்கி எந்திரிக்குது.

சரி, தம்பி கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வர்றனுங்க. வளைவுல திரும்பறப்ப ஆயில் எங்க போகுது?

நம்ம வீடியோ பாக்கறவங்களுக்கு இது பழைய பாட்டு. இருந்தாலும் சொல்லித்தான் ஆகணும். கிணத்துல தண்ணி இறங்கி ஃபுட் வால்வ் வெளிய தெரிஞ்சா மோட்டார் என்ன பண்ணுது? காத்தை இழுக்குது, தண்ணி நின்னு போகுது. எஞ்சினுக்கு அடியில ஆயில் நிக்கற தொட்டி, அதான் சம்ப்பு, அதுல நடக்கறதும் அதேதானுங்க. பக்கவாட்டு விசை ஒரு ஜி வந்தா ஆயில் மட்டம் 45 டிகிரி சாஞ்சு ஒரு பக்கமா ஏறிக்கும். பம்ப் ஆயிலை உறிஞ்சற ஸ்ட்ரெய்னர் வாய் காத்துல நிக்கும். அது போக, எச்சு சுத்துல தலைப்பகுதிக்கு ஏறின ஆயில் கீழ இறங்கறதுக்கே நேரம் ஆகும். கிராங்க்கு நுரையா அடிச்சுருது. ஒரு நொடி பிரஷர் இல்லீன்னாலும் ராட் கிராங்க்கைப் பிடிக்கற பிக் எண்ட் பேரிங் உரசிரும். அப்பவே போகாதுங்க, அதான் ஏமாத்து. மூணு மணி நேரம் கழிச்சு டக்கு டக்குன்னு தட்டும். கோயமுத்தூர் செட்டிபாளையம் கரி ரேஸ் ட்ராக் ரெண்டு கிலோமீட்டர் சொச்சம்தான். அந்த அளவு ட்ராக்குல 12 மணி நேரம்னா எத்தனை நூறு சுத்துன்னு நீங்களே போட்டுப் பாருங்க.

கைக்காசு கம்மின்னா சம்ப்புக்குள்ள தடுப்புத் தகடு அடிச்சு, ஸ்ட்ரெய்னரைச் சுத்தி ஒரு பெட்டி கட்டி, உள்பக்கம் மட்டும் திறக்கற கதவு வெச்சிருங்க. ஆயில் உள்ள வரும், வெளிய போகாது. கிராங்க்குக்குக் கீழ, ஆயிலை அது நுரையா அடிக்காமத் தடுக்கற ஒரு தட்டு (windage tray). காசு இருந்தா டிரை சம்ப். அதுல அடித் தொட்டி ஆழம் கம்மி. ஸ்கேவெஞ்ச் பம்ப்புகள் ஆயிலை உறிஞ்சித் தனி டேங்க்குக்கு அனுப்பும். பிரஷர் பம்ப்பைவிட ஸ்கேவெஞ்ச் பெருசா இருக்கணும், ஏன்னா அது இழுக்கறது பாதி ஆயில், பாதி நுரை. டேங்க்கு ஒல்லியா உசரமா இருக்கட்டும். ஆயில் ஓரமாச் சுழண்டு இறங்குனாத்தான் காத்து பிரியும். இது புதுசு இல்லீங்க. 1955, 56, 57 மூணு வருஷமும் லே மான்ஸ் ஜெயிச்ச ஜாகுவார் டி-டைப், ரோட்டு காரோட எக்ஸ்கே எஞ்சினுக்கு டிரை சம்ப் போட்டதுதான். எஞ்சின் உசரமும் குறைஞ்சுது, அது கூடுதல் லாபம்.

பேரிங் இடைவெளிக்கு, பேரிங்குக்குள்ள சுத்தற தண்டு (ஜர்னல்) 50 மி.மீ.ன்னா 0.05 மி.மீ.ன்னு ஒரு கணக்கு. எந்தக் கனத்து ஆயில்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் இடைவெளி வைங்க. பாதிப்பேர் தலைகீழாப் பண்றாங்க.

இன்னொண்ணு, கம்பெனி ஆயில் லைட்டை நம்பாதீங்க. அது பிரஷர் அடியோட அத்துப் போனாத்தான் எரியும், அப்ப பேரிங் போயிருக்கும். 2.5 பார்ல எரியற சுவிட்ச் ஒண்ணு போட்டு, டிரைவர் கண்ணுக்கு நேரா பெரிய சிவப்பு லைட் மாட்டுங்க. பிட்டுக்கு வந்து ஐட்லிங்ல ஓடறப்ப எரியும், அதை விட்டிருங்க. ஓடறப்ப வளைவுல ஒரு மினுக்கு மினுக்கினாலே உள்ள கூப்பிட்டிருங்க. ஃபில்டரை அறுத்து மடிப்பை விரிச்சுப் பாருங்க, ஜிகினா மாதிரி மின்னுச்சுன்னா வண்டியை எடுக்காதீங்க.

அப்புறம் குதிரை. 7000 ஆர்.பி.எம்.முக்கு மேல சுத்தாம கட் வைங்க தம்பி. வர்றது வரட்டும்.