நெட்வொர்க் பூட் எந்தக் கட்டத்தில் நிற்கிறது? மடிக்கணினி இமேஜிங்கில் பழுது கண்டறியும் முறை

[திரையில்: கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகளாக ஒரு பிழைச் செய்தி, சில நொடிகளில் அது மறைந்து பூட் மெனு திரும்பி வருகிறது.]

வணக்கம். ஒரு மடிக்கணினியைத் தேவையான மென்பொருள்களுடன் தயார்செய்து, அதன் வட்டை அப்படியே படியெடுத்து, அந்தப் படியை நெட்வொர்க் வழியாக மற்ற மடிக்கணினிகளில் இறக்குவதற்கு இமேஜிங் என்று பெயர். அலுவலகங்களிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் இதற்காக ஃபாக் என்னும் கட்டற்ற மென்பொருளைப் பலர் பயன்படுத்துகிறார்கள். இந்த வீடியோவும் அதை வைத்தே விளக்குகிறது. சர்வர் சரியாக இயங்குகிறது, மேசைக் கணினிகள் சிக்கலின்றி பூட் ஆகின்றன, ஆனால் புதிதாக வந்த மடிக்கணினிகள் மட்டும் நெட்வொர்க்கிலிருந்து பூட் ஆக, அதாவது தம் வட்டுக்குப் பதிலாக நெட்வொர்க் வழியாகத் தொடங்க, மறுக்கின்றன. அந்த நிலையில் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இன்றைய பொருள்.

பயாஸில், அதாவது கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரையில், ஒவ்வொரு அமைப்பையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதற்கு முன்னால், எந்தக் கட்டத்தில் பூட் நின்றது என்பதைக் கண்டுபிடியுங்கள். இதற்குச் செலவாகும் சில நிமிடங்கள், பின்னர் வீணாகக்கூடிய ஒரு முழு நாளை மிச்சப்படுத்தும்.

[திரையில்: மூன்று பெட்டிகள், இடமிருந்து வலமாக.]

நெட்வொர்க் பூட் என்று ஒரே பெயரில் சொன்னாலும், உள்ளே மூன்று வெவ்வேறு நிரல்கள் அடுத்தடுத்து இயங்குகின்றன. முதலாவது, மடிக்கணினியின் ஃபர்ம்வேரிலேயே (கணினிக்குள் பதிந்துள்ள அடிப்படை மென்பொருளிலேயே) இருக்கும் பிஎக்ஸ்இ. இன்டெல் நிறுவனம் வகுத்த இதன் 2.1 பதிப்பு 1999-இல் வெளிவந்தது. இன்றுவரை அதுவே அடிப்படை. டிஹெச்சிபி (கணினிகளுக்கு முகவரி வழங்கும் சேவை) வழியாக ஒரு ஐபி முகவரியையும், எந்த சர்வரிலிருந்து எந்தக் கோப்பை எடுக்க வேண்டும் என்ற தகவலையும் பெற்று, டிஎஃப்டிபி (எளிய கோப்புப் பரிமாற்ற முறை) வழியாக அந்தக் கோப்பைக் கொண்டுவருவதோடு அதன் வேலை முடிகிறது. அப்படி வந்த கோப்புதான் இரண்டாவது நிரலான ஐபிஎக்ஸ்இ. அது மெனுவைக் காட்டி, லினக்ஸ் கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) ஹெச்டிடிபி வழியாக இறக்குகிறது. மூன்றாவதாக அந்தக் கெர்னல் எழுந்து, சர்வரின் சேமிப்பகத்தை இணைத்துக்கொண்டு, வட்டில் எழுதத் தொடங்குகிறது.

ஒவ்வொரு நிரலும் நெட்வொர்க் அட்டையைத் தானே புதிதாக இயக்கி, ஐபி முகவரியைத் தானே மறுபடியும் கேட்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் ஐபி கிடைத்தது என்பதற்காக மூன்றாம் கட்டத்திலும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொன்றும் பயன்படுத்தும் டிரைவர் (அட்டையை இயக்கும் சிறு நிரல்) பொதுவாக வேறு.

இனி முதல் கட்டத்துக்கு வருவோம். பூட் மெனுவில் நெட்வொர்க் என்ற வரியே தென்படவில்லை என்றால், சர்வரைத் தொடவே வேண்டாம். பல மடிக்கணினிகளில் யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த ஃபர்ம்வேர்) நெட்வொர்க் ஸ்டாக் என்னும் அமைப்பு அணைக்கப்பட்ட நிலையிலேயே வருகிறது. அதை இயக்கினால் போதும். மெல்லிய மடிக்கணினிகளில் கேபிள் செருகும் போர்ட்டே இல்லாததால், யுஎஸ்பி-சியில் செருகும் நெட்வொர்க் இணைப்பியான டாங்கிளைப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. விண்டோஸில் வேலை செய்யும் டாங்கிள் பூட் நேரத்திலும் வேலை செய்யும் என்று நம்பிவிடாதீர்கள். அதற்கான டிரைவர் ஃபர்ம்வேருக்குள்ளேயே இருந்தாக வேண்டும். ரியல்டெக் 8153 போன்ற பரவலான சில்லு உள்ள டாங்கிளுக்கு வாய்ப்பு அதிகம்; மடிக்கணினித் தயாரிப்பாளர் அந்த மாடலுக்கென்றே விற்கும் டாங்கிள் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது அதைவிடப் பாதுகாப்பானது.

நெட்வொர்க் வரி இருந்தும் பூட் தோற்றால், திரையில் வரும் எண்ணைப் படியுங்கள். வேகமாக மறைந்தால் கைப்பேசியில் வீடியோ எடுத்து நிறுத்திப் பாருங்கள். இ61 என்றால் கேபிள் இணைப்பே இல்லை. இ51 என்றாலும், யுஇஎஃப்ஐ கணினிகளில் இ16 என்றாலும், டிஹெச்சிபியிடமிருந்து பதில் வரவில்லை. இ53 என்றால், பூட் கோப்பின் பெயர் வந்து சேரவில்லை. இ32 என்றால், பெயர் கிடைத்த பிறகும் டிஎஃப்டிபி சர்வர் பதில் தரவில்லை. பெரும்பாலும் ஃபயர்வால்தான் காரணம். டிஎஃப்டிபி யுடிபி 69-ஆம் போர்ட்டில் (இது கேபிள் செருகும் இடமல்ல, மென்பொருள் பயன்படுத்தும் எண்) கோரிக்கையைப் பெற்று, தரவை வேறொரு போர்ட்டிலிருந்து அனுப்பும் என்பதால், 69-ஐ மட்டும் திறந்துவைப்பது எல்லா இடங்களிலும் போதுமானதாக இருக்காது.

டிஹெச்சிபி பதில் வராததற்கு, கட்டடத்தின் சுவிட்ச் காரணமாக இருப்பதை நிறைய இடங்களில் பார்க்கலாம். சுவிட்சுகளுக்கிடையே தரவு சுழலாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயின் பழைய முறையில், ஒரு போர்ட் உயிர்பெற்ற பிறகு 15 விநாடி கேட்டலும் 15 விநாடி கற்றலுமாக மொத்தம் 30 விநாடிகள் தரவை அனுமதிப்பதில்லை. அதற்குள் மடிக்கணினி கேட்டுக் களைத்து விட்டுவிடுகிறது. இதை உறுதிசெய்ய ஓர் எளிய சோதனை உண்டு. விலை குறைந்த, நிர்வாக வசதி இல்லாத சிறிய சுவிட்ச் ஒன்றைச் சுவர்ப் போர்ட்டுக்கும் மடிக்கணினிக்கும் இடையில் செருகுங்கள். மடிக்கணினி மறுதொடக்கம் ஆகும்போதும் கட்டடச் சுவிட்சின் போர்ட் விழாமல் இருப்பதால், இப்போது பூட் ஆகிவிட்டால் குற்றவாளி தெரிந்துவிட்டது. அந்தப் போர்ட்டில், இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் அமைப்பை இயக்கச் சொல்லி நெட்வொர்க் நிர்வாகியிடம் கேளுங்கள். போர்ட்டுகளில் 802.1எக்ஸ் அடையாளச் சரிபார்ப்பு இருந்தாலும் இதே அறிகுறிதான் தோன்றும்; இமேஜிங்குக்கென்று சில போர்ட்டுகளை அதிலிருந்து விலக்கி வைக்க வேண்டும்.

[திரையில்: டிஹெச்சிபி அமைப்புப் பக்கம், 66, 67 ஆகிய எண்கள் மிளிர்கின்றன.]

கோப்பு வருகிறது, ஆனால் உடனே பூட் மெனு திரும்பிவிடுகிறது என்றால், தவறான கோப்பு போயிருக்க வாய்ப்புண்டு. பழைய மேசைக் கணினிகளுக்காக டிஹெச்சிபியின் 67-ஆம் ஆப்ஷனில் (பூட் கோப்பின் பெயரைச் சொல்லும் புலத்தில்) பயாஸுக்கான கோப்பின் பெயரை யாரோ எப்போதோ எழுதியிருப்பார்கள். யுஇஎஃப்ஐ மடிக்கணினியால் அதை இயக்க முடியாது. கணினி தன் வகையை 93-ஆம் ஆப்ஷனில் சர்வருக்குத் தெரிவிக்கிறது: பழைய பயாஸ் என்றால் 0, 64-பிட் யுஇஎஃப்ஐ என்றால் வழக்கமாக 7. இந்த எண்ணைப் பார்த்து ஏற்ற கோப்பைத் தருமாறு டிஹெச்சிபியில் விதி அமைப்பதே நிலையான தீர்வு. டிஹெச்சிபியைத் தொட உங்களுக்கு அனுமதி இல்லையென்றால், டிஎன்எஸ்மாஸ்க் என்னும் நிரலை ப்ராக்ஸி டிஹெச்சிபியாக இயக்கலாம்; ஐபி முகவரியைப் பழைய சர்வரே தரும், பூட் தகவலை மட்டும் இது தரும்.

பாதுகாப்பு மீறல் என்ற செய்தி வந்தால், ஏற்கப்பட்ட கையொப்பம் உள்ள நிரல்களை மட்டும் இயங்கவிடும் செக்யூர் பூட் தடுக்கிறது. வழக்கமான ஃபாக் நிறுவலில் உள்ள ஐபிஎக்ஸ்இ கோப்பில் ஃபர்ம்வேர் ஏற்கும் கையொப்பம் இல்லாததால், இமேஜிங் முடியும்வரை செக்யூர் பூட்டை அணைக்க வேண்டியிருக்கும். தயவுசெய்து அதற்கு முன், அந்த மடிக்கணினியில் யாருடைய தரவாவது இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வட்டைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் இயங்கும் கணினியில் செக்யூர் பூட்டை மாற்றினால் அடுத்த முறை மீட்புக் குறியீடு கேட்கும். அது கையில் இல்லையென்றால் அந்தத் தரவு திரும்பாமல் போகலாம்.

இரண்டாம் கட்டத்தில், ஐபிஎக்ஸ்இ எழுந்து, எந்த முறையிலும் அமைப்பைப் பெற இயலவில்லை என்ற பொருளில் ஒரு வரியைக் காட்டி நின்றுவிடும். ஐபிஎக்ஸ்இக்குள் இருக்கும் டிரைவருக்கு உங்கள் டாங்கிள் தெரியவில்லை என்பதே பெரும்பாலும் இதன் காரணம். ஃபாக் சர்வரில் எஸ்என்பிஒன்லி என்ற இன்னொரு கோப்பும் இருக்கிறது; அது தன் டிரைவரை விட்டுவிட்டு, ஏற்கெனவே வேலை செய்த ஃபர்ம்வேர் டிரைவரையே பயன்படுத்துகிறது. மடிக்கணினிகளுக்கு முதலில் இதையே முயன்று பார்ப்பது நல்லது.

மூன்றாம் கட்டத்தில் கெர்னல் எழுந்த பிறகு ஐபி கிடைக்கவில்லை என்றால், பெரும்பாலும் கெர்னல் பழையது, நெட்வொர்க் சில்லு புதியது என்று பொருள். ஃபாக் இணையப் பக்கத்திலேயே கெர்னலைப் புதுப்பிக்கலாம். யுஎஸ்பி டாங்கிளைக் கழற்றி மீண்டும் செருகினால் வேலை செய்கிறது என்றால், அதற்காகவே காத்திருக்கச் செய்யும் கெர்னல் அமைப்பு ஒன்றும் ஃபாக்கில் உண்டு.

ஐபி கிடைத்தும் வட்டு தென்படவில்லை என்பது தனிச் சிக்கல். இன்டெல் மடிக்கணினிகள் பல, வட்டை ஆர்எஸ்டி ரெய்டு என்னும் இன்டெலின் சொந்த முறையில் வைத்து வருகின்றன. அப்போது எஸ்எஸ்டி லினக்ஸ் கெர்னலின் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். பயாஸில் ஏஹெச்சிஐ என்னும் பொது முறைக்கு மாற்றினால் தெரியும். ஆனால் படி எடுத்த கணினியும் படி இறங்கும் கணினியும் ஒரே முறையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இமேஜிங் வெற்றியாக முடிந்த பிறகும் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும்.

இவை எதிலும் காரணம் பிடிபடவில்லை என்றால், சர்வரில் டிசிபிடம்ப் நிரலை இயக்கி, 67, 68, 69, 4011 ஆகிய போர்ட்டுகளின் பாக்கெட்டுகளைப் பதிவுசெய்து வயர்ஷார்க்கில் திறந்து பாருங்கள். யாரும் எதிர்பாராத இரண்டாவது டிஹெச்சிபி சர்வர் ஒன்று, யாரோ செருகிவிட்டுப் போன ரவுட்டர் வடிவில், முந்திக்கொண்டு பதில் தருவதை இப்படித்தான் கண்டுபிடிக்க முடியும்.

[திரையில்: ஒரே டாங்கிள், வரிசையாக மடிக்கணினிகள்.]

கடைசியாக, பூட் சரியான பிறகு தலைகாட்டும் ஒரு குழப்பத்தையும் கவனித்துக்கொள்ளுங்கள். ஃபாக் ஒவ்வொரு கணினியையும் அதன் மேக் முகவரியால் (நெட்வொர்க் அட்டைக்கே உரிய அடையாள எண்ணால்) அடையாளம் காண்கிறது. ஒரே டாங்கிளை எல்லா மடிக்கணினிகளிலும் மாற்றி மாற்றிச் செருகினால், இரண்டாவது மடிக்கணினி முதலாவதின் பெயரையே பெறும். பயாஸில், டாங்கிளின் மேக்குக்குப் பதிலாக மடிக்கணினியின் மேக்கைக் காட்டும் மேக் பாஸ்-த்ரூ வசதி இருந்தால் அதை இயக்குங்கள். இல்லையென்றால், ஒவ்வொன்றும் முடிந்தவுடன் அதன் பதிவிலிருந்து டாங்கிளின் மேக்கை நீக்கி, மடிக்கணினியின் வைஃபை மேக்கைச் சேர்த்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள்.