முதலில் மூச்சு, பிறகு பேச்சு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, வணக்கம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் ஊருக்குள் முதலில் கொண்டுபோக வேண்டியது சமாதானக் கல்வியையா, யோகாவையும் தியானத்தையுமா? யோகாவும் தியானமுமே என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தலைவர் கேட்டார்: "பங்குக் கிணற்றுச் சண்டையை மூச்சுப் பயிற்சி தீர்க்குமா?" தீர்க்காது ஐயா. அதற்கு 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி மத்தியஸ்த சபை இருக்கிறது. ஆனால் அந்தச் சபையிலே நெஞ்சு படபடக்க, கை நடுங்க இருக்கிறவருக்கு எதிராளி சொல்வது காதில் ஏறுமா? கேட்கப் பழகுவதுதானே உங்கள் சமாதானக் கல்வியின் முதற்பாடம்! உடம்பு அடங்காமல் அது தொடங்காது. 1995 இடப்பெயர்வையும் 2009 இறுதிப் போரையும் கடந்து வந்த சனம் இது. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் இங்கே மனவடுவுக்குச் சிகிச்சை செய்தபோது, அவரவர் சமயத்துக்கு இசைந்த செபத்தையும் தளர்வுப் பயிற்சியையும் அதில் சேர்த்துக்கொண்டார்.

பிழையாகப் பழக்கினால் கேடுதான், ஒப்புக்கொள்கிறேன். திருமந்திரம் சொல்லும் கணக்கு மூச்சை 16 மாத்திரை நேரம் இழுத்து, 64 மாத்திரை அடக்கி, 32 மாத்திரையில் விடுவது. அதை முதல்நாளே சனசமூக நிலையத்தில் பழக்கினால் தலை சுற்றும். பிறஷர்காரருக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து. புதியவருக்கு மூச்சை அடக்குவதே வேண்டாம். 4 எண்ணி மூக்கால் இழுத்து, 6 எண்ணி மெல்ல விடட்டும். 5 நிமிடம் போதும். வெளிமூச்சு நீளும்போதுதான் இதயத்துடிப்பு தணிகிறது. வயிற்றில் கை வைத்து, அது எழும்பித் தாழ்கிறதா என்று பார்க்க வேண்டும். அவசரப்பட்டு வேகமாக இழுத்தால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து விரல் விறைக்கும், பயந்தவருக்குப் பயம் இன்னும் கூடும்.

கண்ணை மூடச் சொல்லி வற்புறுத்தவே கூடாது. ஷெல்லடியைக் கண்டவருக்கு மூடிய கண்ணுக்குள் அதே காட்சி திரும்பி வரலாம். கண் திறந்தபடி நிலத்தில் ஓரிடத்தைப் பார்க்கட்டும். வாசல் தெரிய இருக்கட்டும், விரும்பினால் எழும்பிப் போகட்டும். பின்னால் போய்த் தோளைத் தொட்டுத் திருத்துவதும் வேண்டாம். முழங்கால் நோவுக்காரருக்குக் கதிரை போடுங்கள்.

சர்வதேச யோகா தினமான ஜூன் 21இல் பதாகை கட்டிப் படம் எடுப்பது ஊர்ப்பணியே அல்ல. கிழமைக்கு இரண்டு நாள், எட்டுக் கிழமையாவது நடக்க வேண்டும். நாலாம் கிழமையிலிருந்து ஊரவர் ஒருவரே நடத்தப் பழகவேண்டும். இல்லையென்றால் மாணவர் சோதனைக்குப் போனதும் எல்லாம் நின்றுவிடும். இடமும் கோயில் மண்டபமாக மட்டும் இருந்தால் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் தயங்குவார்கள்.

இறுதியாக, "யோகா அநியாயத்தைச் சகிக்கப் பழக்கும்" என்றார் எதிரணிச் சகோதரி. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் தாயிடம் "மனதை ஆற்றிக்கொள்" என்று சொல்வதற்குப் பெயர் தியானமல்ல, கொடுமை. நாங்கள் அவரிடம் கேள்வியை விடச் சொல்லவில்லை. இரவிலே அவருக்குக் கொஞ்சம் நித்திரை வரவேண்டும், விடிந்தால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் இருக்கும் போராட்டப் பந்தலில் போய் இருந்து அதே கேள்வியை மறுபடி கேட்க உடம்பில் தெம்பு வேண்டும் என்கிறோம்.