தோலில் அடித்த பின்னை எடுத்த மறுநாளே நடவுக்குப் போகலாமா?

சரி, அடுத்த கேள்வி. மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். மேலே நூல் தையல் இல்லை, வரிசையாக ஸ்டேப்ளர் பின். "பேப்பருக்கு அடிக்கிற மாதிரி அடித்திருக்கிறார்கள் டாக்டர், இது தாங்குமா? தானாகக் கரையுமா? பின்னை எடுத்ததும் சம்பா நடவுக்குப் போவேன் என்று அம்மா அடம் பிடிக்கிறார்" என்கிறார்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஆபத்து அதில்தான் இருக்கிறது. அம்மாவிடம் சொல்லுங்கள் தம்பி, வயிற்றைத் தாங்கிப் பிடிப்பது அந்தப் பின் இல்லை. தோலுக்கும் கொழுப்புக்கும் கீழே, தசையை மூடி வெள்ளையாக ஒரு கெட்டியான உறை இருக்கிறது. அதைத் தனியாக நூல் போட்டுத் தைத்திருப்பார்கள். அது மெதுவாகக் கரையும் நூல், சில வகை முழுதாகக் கரைய ஆறு மாதம்கூட ஆகும். குடல் வெளியே தள்ளாமல் பிடித்திருப்பது அந்த உள் தையல்தான். பின்னுக்கு வேலை, தோலின் இரண்டு ஓரமும் ஒட்டும்வரை சேர்த்து வைப்பது மட்டுமே.

அதனால் பத்தாம் நாள் பின்னை எடுத்துவிட்டோம் என்றால் தோல் மூடிக்கொண்டது என்று அர்த்தம், உள்ளே ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. மூன்று மாதம் ஆனாலும் வெட்டுப்பட்ட இடத்துக்குப் பழைய பலத்தில் சுமார் 80 சதவீதம்தான் திரும்புகிறது. முதல் சில வாரங்களில் அதில் கால்வாசி இருந்தாலே பெரிது. நடவு என்பது நாள் முழுக்கக் குனிந்து நிற்கும் வேலை. நாற்றுக்கட்டைத் தூக்க வேண்டும், சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும். குறைந்தது ஆறு வாரம் வேண்டாம், அதற்குப் பிறகும் ஆபரேஷன் செய்த டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். அவசரப்பட்டால் அந்த இடத்திலேயே குடலிறக்கம் வரலாம், அதற்கு இன்னொரு ஆபரேஷன். இந்த சம்பாவை வேறு யாராவது நடட்டும்.

இதோடு சேர்ந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம் போல ஆனபோது, பின் எல்லாம் ஒழுங்காக இருக்கும்போதே, இடையிலிருந்து இளஞ்சிவப்பாகத் தண்ணீர் மாதிரி திடீரென்று நிறைய வந்து கட்டு நனைந்தால், "பின் விடவில்லையே" என்று வீட்டில் இருக்காதீர்கள். உள்ளே அந்த உறைத் தையல் விட்டிருக்கலாம். சுத்தமான ஈரத்துணியால் மூடி, படுக்க வைத்து, உடனே ஆபரேஷன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

கரையுமா என்றால், கரையாது. தோலுக்கு அடிப்பது பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு, எடுத்தே ஆக வேண்டும். குடல் ஆபரேஷனில் உள்ளே அடிக்கும் டைட்டானியம் பின் வேறு, அது உடம்பிலேயே தங்கிவிடும். இரண்டையும் குழப்பிக்கொண்டு "பக்கத்து வீட்டுக்காரருக்கு எடுக்கவே இல்லையே" என்று வருகிறார்கள்.

பேப்பர் ஸ்டேப்ளர் என்று தம்பி சொன்னது பாதி சரி. பேப்பரில் பின்னின் முனை தட்டையாக மடிந்து நசுக்கும். இதில் நடு முதுகு தோலுக்கு மேலே சற்றுத் தூக்கி நிற்கும், முனைகள் மட்டும் உள்ளே மடிந்து கிட்டத்தட்ட ஒரு செவ்வகமாகும். தோலை இறுக்காது, ரத்த ஓட்டம் கெடாது. ஒரு கருவியில் வழக்கமாக 35 பின், ஒருவருக்கு அடித்தால் மீதியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். 1908இல் ஹங்கேரியில் ஹுல்ட்ல் என்ற டாக்டர் இரைப்பைக்காகச் செய்த முதல் ஸ்டேப்ளர் மூன்றரை கிலோவுக்கு மேல் எடையாம்! அதற்கெல்லாம் வெகு காலம் முன்பே, குடல் ஓட்டையைக் கட்டெறும்பைக் கடிக்கவிட்டு மூடும் முறை சுசுருதர் என்ற பழங்கால வைத்தியர் பெயரில் உள்ள மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறது. தலையை விட்டுவிட்டு உடம்பைக் கிள்ளி எடுத்துவிடுவார்கள்.

நூல் போடாமல் பின் அடித்தது சோம்பேறித்தனமா? இல்லை. நீளமான வெட்டை இரண்டு மூன்று நிமிடத்தில் மூடிவிடலாம், மயக்கத்தில் இருக்கும் நேரம் குறையும். ஆனால் எல்லா இடத்துக்கும் பின் சரி என்று நான் சொல்ல மாட்டேன். முகத்துக்கு வேண்டாம். சிசேரியனுக்கு உள்தோல் தையல்தான் என் விருப்பம், பின் போட்டால் காயம் விரிவது கொஞ்சம் அதிகம்.

எடுக்கும் நாளை டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். தலையில் ஏழிலிருந்து பத்து நாள், நெடுக்கு வெட்டு வயிற்றில் பத்து நாள் போல, முட்டி மாதிரி மடங்கும் இடத்தில் பதினான்கு வரை. சர்க்கரை இருந்தால் தள்ளிப் போடுவோம். ரொம்ப நாள் விட்டால் தண்டவாளம் மாதிரி தழும்பு விழும். எடுப்பதற்கென்று ஒரு கருவி உண்டு. பின்னுக்கு அடியில் நுழைந்து நடுவில் அழுத்தும், இரண்டு முனையும் விரிந்து வெளியே வந்துவிடும். சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். கொறடு, பிளேடு வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தக் கருவி இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டுப் போங்கள். ஒன்று விட்டு ஒன்று எடுத்துப் பார்த்து, விரியவில்லை என்றால்தான் மீதி.

டாக்டர் சரி என்றால் இரண்டு நாள் கழித்துச் சொம்பில் மொண்டு ஊற்றிக் குளிக்கலாம், ஒற்றித் துடைக்க வேண்டும். ஆற்றிலும் வாய்க்காலிலும் இறங்கக் கூடாது. மஞ்சள், வேப்பெண்ணெய் எதுவும் பூச வேண்டாம். பத்தியம் என்று முட்டை, மீனை நிறுத்தாதீர்கள், புரதம் இல்லாமல் புண் எப்படி ஆறும்? பின் இருக்கும்போது எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அறுப்பில் அரிவாள் பட்டு சேற்றோடு வருகிறவர்களும் "பின் அடித்துவிடுங்கள் டாக்டர்" என்கிறார்கள். சேறு புகுந்த காயத்தை அன்றே மூடினால் உள்ளே சீழ் கட்டும். கழுவி, செத்த சதையை எடுத்து, டெட்டனஸ் ஊசி போட்டு, நாலைந்து நாள் திறந்து வைத்துவிட்டு மூடுவதும் உண்டு. அப்படித் திறந்து வைத்தால், அங்கிருந்து கிளம்பி வேறு இடத்தில் போய் மூடிக்கொள்ளாதீர்கள்.