11-ஆம் எண் கூண்டும் தோன்றாத் துணையும்

[காட்சி: கடலூர் துறைமுகம். மழைமூட்டம். கம்பத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறுகிறது.]

வணக்கம். கடலூர்ப் பிள்ளைகளுக்கு எண்களைப் பள்ளிக்கூடம் பாதி சொல்லிக்கொடுக்கும், துறைமுகம் மீதி சொல்லிக்கொடுக்கும். 1-ஆம் எண் கூண்டு ஏறினால் புயல் எங்கோ தொலைவில். 3 ஏறினால் எங்கள் வீட்டில் மெழுகுவத்தி வாங்கிவர ஆள் அனுப்புவார்கள். 10 என்றால் பெரும் அபாயம். அதோடு முடிந்தது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். 11 என்றும் ஒன்று உண்டு. அது பத்தைவிடப் பெரிய புயலைக் குறிப்பதில்லை. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, இனி அங்கிருந்து செய்தி வராது, ஆனாலும் ஆபத்து இருக்கிறது என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார். இவ்வளவுதான் அதற்குப் பொருள்.

ஆபத்தில் கடவுளை அழைப்பது பற்றிய வீடியோ இது. பெரும்பாலும் நாம் அழைப்பது 11-ஆம் எண் ஏறிய பிறகுதான்.

[காட்சி: இருட்டு. காற்றின் ஓசை மட்டும்.]

2011 டிசம்பர் 29 இரவு. மறுநாள் காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது 'தானே' புயல். பண்ருட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நின்ற பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் சாய்த்துவிட்டுப் போன புயல். எங்கள் வீட்டில் நள்ளிரவுக்கு மேல் வாசற்கதவின் தாழ்ப்பாள் ஆடத் தொடங்கியது. ஒவ்வொரு வீச்சுக்கும் கதவு உள்பக்கம் புடைத்து, பிறகு அடங்கும். மூச்சு விடுவதுபோல இருந்தது. ஆயா (பாட்டியை எங்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம்) எழுந்து வந்து, "அம்மிக்கல்லைத் தள்ளிக் கதவுக்கு முட்டுக் கொடு" என்றார். நானும் அப்பாவும் தள்ளினோம். சிமெண்ட் தரையில் அந்தக் கல் கிறீச்சிட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கல்லைப் பிடித்துக்கொண்டே ஆயா பாடத் தொடங்கினார். "இந்த நேரத்தில் பாட்டா?" என்று கேட்டேன். "நீ கல்லைப் பார்த்துக்கொள். பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

அவர் பாடியது இதை:

சொற்றுணை வேதியன் சோதி வானவன்
பொற்றுணைத் திருந்தடி பொருந்தக் கைதொழக்
கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும்
நற்றுணை யாவது நமச்சி வாயவே.

[காட்சி: பாடலின் நான்கு அடிகள் திரையில்.]

திருநாவுக்கரசர் பாடியது. அப்பர் என்றால் எல்லோருக்கும் தெரியும். நான்காம் திருமுறையில் இருக்கிறது. இதன் பின்கதை நம் மாவட்டத்துக் கதை. பண்ருட்டி அருகே திருவாமூரில் பிறந்தவர், இயற்பெயர் மருள்நீக்கியார். சமண சமயத்தில் சேர்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு பாடலிபுத்திரத்துப் பள்ளியில் உயர்ந்த இடத்தில் இருந்தவர். அந்தப் பாடலிபுத்திரம் பீகாரில் இல்லை, இங்கே இருக்கும் திருப்பாதிரிப்புலியூர். ரயிலில் வந்து திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில் இறங்குகிறவர்கள் அந்தப் பெயர்ப் பலகையை எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். வயிற்றில் சூலை நோய் வந்து, எந்த மருந்துக்கும் தணியாமல், திருவதிகையில் இருந்த அக்கா திலகவதியாரிடம் ஓடினார். நோய் தீர்ந்தது. மறுபடி சைவரானார். பல்லவ மன்னனுக்குக் கோபம் வந்தது. நீற்றறையில், அதாவது கொதிக்கும் சுண்ணாம்புக் காளவாயில், அடைத்தார்கள், நஞ்சு கொடுத்தார்கள், யானையை ஏவினார்கள். எதிலும் சாகவில்லை. கடைசியாகக் கல்லில் கட்டிக் கடலில் போட்டார்கள். கல்லே தெப்பமாக மிதந்தது என்கிறது பெரியபுராணம்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அப்பர் 7-ஆம் நூற்றாண்டு, பெரியபுராணம் பாடிய சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டு. நடுவே ஐந்நூறு ஆண்டு. கதையைச் சொல்வதும் சைவர் தரப்பு மட்டுமே. ஆகவே இதை வைத்துச் சமணரைத் திட்டக் கிளம்பும் கருத்துகளுக்கு இங்கே இடமில்லை. ஆனால் கல்லும் கடலும் சேக்கிழார் கற்பித்தவை அல்ல. நீலக்குடிப் பதிகத்தில் அப்பரே "கல்லினோடு எனைப் பூட்டி" என்று தம் வாயால் சொல்கிறார்.

சரி, பாட்டுக்கு வருவோம். நான்கு அடி, நான்கு துணை. சொற்றுணை, பொற்றுணை, கற்றுணை, நற்றுணை. இரண்டாவதில் துணை என்பது இணை, அதாவது பொன்னான இரண்டு திருவடி. மூன்றாவதுதான் வேடிக்கை. கல்+தூண், அது எதுகைக்காகக் குறுகிக் 'கற்றுணை' ஆகிவிட்டது என்பது உரையாசிரியர்கள் சொல்லும் விளக்கம். இலக்கணம் அப்படியே இருக்கட்டும். காதுக்கு என்ன கேட்கிறது? கல்லும் ஒரு துணை என்றுதானே? மூழ்கடிக்கக் கட்டிய கல்லுக்கும் காப்பாற்றுகிற பெயருக்கும் ஒரே ஓசையைக் கொடுத்திருக்கிறார் இந்த மனிதர். அதுவும் கல் கட்டப்பட்ட நிலையில்.

[காட்சி: 'பாய்ச்சினும்' என்ற சொல் மட்டும் பெரிதாக. கடைசி 'உம்' மீது வட்டம்.]

இந்தப் பாட்டில் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் இந்த 'உம்'. கடலில் பாய்ச்சமாட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. பாய்ச்சாமல் இறைவன் தடுப்பான் என்றும் சொல்லவில்லை. பாய்ச்சினும். பாய்ச்சினாலும்கூட. பக்தியின் பேரில் நாம் கேட்கும் பல பேச்சுகளில் இந்த 'உம்' காணாமல் போய்விடுகிறது. "இந்த மந்திரத்தை 108 முறை சொன்னால் ஆபத்து அண்டாது" என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அது வேறு சரக்கு. அப்பருக்கு ஆபத்து அண்டியது. நான்கு தடவை அண்டியது.

அவர் கரையேறிய இடத்தைக் கவனியுங்கள். கடலூரில் 'கரையேறவிட்ட குப்பம்' என்றே ஒரு பகுதி இருக்கிறது. சித்திரையில் அப்பர் கரையேறிய விழா நடக்கும். இன்று அங்கே நின்றால் கடல் கண்ணுக்குத் தெரியாது, வீடுகளும் தெருக்களும்தான். கெடிலம் ஆறு அந்தக் காலத்தில் வேறு தடத்தில் ஓடியது என்பார்கள். அது எந்த ஊரின் கரை? தருமசேனராக அவர் வாழ்ந்த, விட்டு ஓடிய, அதே திருப்பாதிரிப்புலியூர். பத்திரமான வேறு ஊர் எதிலும் கடல் அவரைச் சேர்க்கவில்லை. தப்பி ஓடிய இடத்திலேயே கொண்டுவந்து விட்டது.

[காட்சி: பாடலீசுவரர் கோயில் கோபுரம். மாலை.]

கரையேறியவர் நேரே பாடலீசுவரர் கோயிலுக்குப் போய்ப் பாடினார். "ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய்" என்று தொடங்கும் பதிகம். தாயாக, தந்தையாக, உடன்பிறந்தாராக இருந்தான் என்று அடுக்கிக்கொண்டே போய், "தோன்றாத் துணையாய் இருந்தனன்" என்று முடிக்கிறார். தோன்றாத துணை. கண்ணுக்குத் தெரியாத துணை. இத்தனைக்கும் அப்போதுதான் கல் மிதந்து கரை வந்து நிற்கிறார். அந்த நேரத்தில்கூட "நேரில் வந்தான், கை பிடித்துத் தூக்கினான்" என்று பாடவில்லை.

வேண்டுவது என்ன தெரியுமா? இனி இப்படி ஒரு துன்பம் வேண்டாம் என்றா? அதே பதிகத்தில், "புழுவாய்ப் பிறக்கினும்" உன் அடி என் மனத்தில் வழுவாதிருக்க வரம் தர வேண்டும் என்கிறார். மறுபடி அந்த 'உம்'.

இப்போது சங்கடமான இடம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, சுனாமி. தேவனாம்பட்டினம், தாழங்குடா, சோத்திக்குப்பம். மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களும் கும்பிட்டவர்கள்தான். கடலையே அம்மா என்று கூப்பிடுகிறவர்கள். பிழைத்தவரின் நம்பிக்கை பெரிது, போனவரின் நம்பிக்கை சிறிது என்று எவராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுவேன். ஏன் இவருக்கு அப்படி, அவருக்கு இப்படி என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அப்பரிடம் தேடினேன், அவர் அந்தக் கேள்வியை எடுக்கவே இல்லை. அவர் பேசுவது துணையைப் பற்றி மட்டும்.

அந்த நாள்களில் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் அக்கம்பக்கத்து மீனவ கிராம மக்களுக்குச் சோறாக்கிப் போட்டார்கள். யார் எந்தச் சாமி என்று அங்கே கேள்வி எழவில்லை. நம் பக்கத்தில் இது புதிதும் இல்லை. வடலூரில் 1867-இல் வள்ளலார் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை எரிகிறது.

புயல் நேரத்தில் "சாமி பார்த்துக்கொள்ளும்" என்று குடிசையிலேயே உட்கார்ந்துவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். பாதுகாப்பு மையத்துக்குப் போகச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். சூலை வந்தபோது அப்பர் உட்கார்ந்திருக்கவில்லை. இரவோடு இரவாக அக்கா வீட்டுக்குப் போனார். எங்கள் ஆயாவும் பாட்டுக்கு முன்னால் அம்மிக்கல்லைத்தான் கேட்டார்.

[காட்சி: வாசற்கதவு. பக்கத்தில் சுவரோரம் அம்மிக்கல்.]

ஆயா இப்போது இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மின்சாரம் போனது, சற்று நேரத்தில் கைப்பேசியில் சிக்னலும் போனது. எங்கள் வீட்டுக்கு 11-ஆம் எண் ஏறிவிட்டது. கதவு புடைக்கத் தொடங்கியதும் நானும் அம்மாவும் ஒன்றும் பேசாமல் அம்மியைத் தள்ளினோம். பாட்டை யார் பார்த்துக்கொள்வது என்றுதான் கொஞ்சம் தயக்கம். பிறகு அம்மா தொடங்கினார். இரண்டாம் அடியில் 'பொற்றுணை' வர வேண்டிய இடத்தில் 'கற்றுணை' என்று பாடினார். ஆயா இருந்திருந்தால் நிறுத்தித் திருத்தியிருப்பார். நான் கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தேன், திருத்தவில்லை.