கார்டைக் கட்டாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு மொட்டை மாடியிலிருந்து காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைச் சாத்துவீர்கள். அந்தச் சத்தம் போடுகிற கூட்டத்தைச் சேர்ந்தவன்தான் நான். பிழைப்புக்கு வங்கியில் கணக்குப் பார்த்தவன். மர வேலை ஆசைக்கு. புத்தக அலமாரி, செருப்பு ஸ்டாண்டு, பேத்திக்கு ஒரு மேசை, இவ்வளவுதான் என் சாம்ராஜ்யம்.

இன்றைக்குப் பேச வந்தது வட்ட ரம்பம் பற்றி. கடையில் சர்குலர் சா என்று கேளுங்கள். ஏழு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பிளேடு, 1200 முதல் 1400 வாட்ஸ் மோட்டார், நாலு கிலோ எடை. 1920-களில் அமெரிக்காவில் எட்மண்ட் மிஷெல் என்பவர், ஆட்கள் இடுப்பு ஒடியக் கரும்பு வெட்டுவதைப் பார்த்துவிட்டு, வெட்டுக்கத்திக்கே மோட்டார் வைத்தால் என்ன என்று யோசித்ததில்தான் இந்தக் கைமிஷின் பிறந்தது என்று சொல்வார்கள். நம் ஊரில் இன்றைக்கும் கரும்பைக் கையால் வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மிஷின் மரத்துக்கு வந்துவிட்டது.

"வீட்டுக்கு எதற்கு சார் தொழில்காரர் மிஷின், நாலு இஞ்ச் கட்டர் போதாதா?" என்று கேட்பார்கள். இங்கேதான் எனக்கு வாய் நிற்காது. நாலு இஞ்ச் கட்டர் என்பது கல் அறுக்கிற மிஷின். மார்பிள், டைல்ஸ் அறுக்கச் செய்தது. அதில் பல் வைத்த மர பிளேடை மாட்டி பிளைவுட் அறுக்கிறோம். பல வீடுகளின் கிச்சன் கப்போர்டு இப்படி அறுத்துச் செய்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் கட்டர் நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுக்கு மேல் போகும். வட்ட ரம்பம் ஐயாயிரம் சொச்சம். மர பிளேடின் மேலேயே அதிகபட்சம் எத்தனை சுற்று தாங்கும் என்று அச்சடித்திருக்கிறது. யார் பார்க்கிறார்கள்? அதைவிடப் பெரிய விஷயம், கட்டரில் அடிக் கார்டு கிடையாது.

அடிக் கார்டு என்றால் என்ன? வட்ட ரம்பத்தில் பிளேடின் மேல் பாதியை நிலையான மூடி ஒன்று மறைத்திருக்கும். கீழ்ப் பாதிக்கு ஸ்பிரிங் வைத்த இன்னொரு மூடி. பலகைக்குள் ரம்பம் நுழையும்போது பலகையின் விளிம்பே அதைப் பின்னால் தள்ளும். அறுப்பு முடிந்து வெளியே வந்த நொடியில், கண்ணிமை மாதிரி, தானே மூடிக்கொள்ளும். நல்ல மிஷினுக்குக் கொடுக்கிற கூடுதல் காசு எதற்கு என்றால், இந்த மூடி எங்கேயும் சிக்காமல் போய் வருவதற்கு. அடித்தட்டு வளையாமல் சமமாக இருப்பதற்கு. பேரிங்கில் ஆட்டம் இல்லாமல் பிளேடு நேராக ஓடுவதற்கு. வாட்ஸ் எல்லாம் அப்புறம்.

ஒரு தடவை தெருக்கோடியில் வீடு கட்டுகிற ஒருவர் என் மிஷினை இரவல் கேட்டார். கொடுத்தேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தது, துடைத்து, சுத்தமாக. ஆனால் பார்த்தால் அடிக் கார்டு திறந்தபடியே நிற்கிறது. கம்பி கட்டுகிறவர்கள் முறுக்குவார்களே, அந்தக் கட்டுக்கம்பியை இரண்டு சுற்று சுற்றி, கார்டைக் கைப்பிடியோடு இறுக்கியிருந்தது. வேலை செய்த தம்பியைக் கூப்பிட்டு, "ஏம்ப்பா இது?" என்றேன். "அது எடஞ்சலா இருக்கு சார். கோடு தெரிய மாட்டேங்குது" என்றார். கோபப்படவில்லை. திறமையான பையன், நூல் பிசகாமல் அறுக்கிறவன். சுவிட்சைப் போடச் சொல்லி, விடச் சொன்னேன். விரலை விட்ட பிறகும் பிளேடு சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவரே எண்ணினார். "இப்ப இதைத் தரையில வச்சா?" என்றேன். யோசித்தார். வைத்தால், சுற்றுகிற பல் தரையைப் பிடிக்கும், நாலு கிலோ மிஷின் தானாக ஓடும். காலடியில் வைத்த மிஷின் காலைத் தேடித்தான் வரும். தம்பி பேசாமல் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்துக் கம்பியை நறுக்கினார். இரண்டு மாதம் கழித்து வேறொரு கட்டடத்தில் அவரைப் பார்த்தேன். அங்கே இருந்த மிஷினில் கம்பி இருந்தது. "இது மேஸ்திரி மிஷின் சார்" என்றார்.

அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன்: கார்டைக் கட்டாதீர்கள். இரவல் வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கார்டை விரலால் திறந்து விட்டுப் பாருங்கள். டப்பென்று மூட வேண்டும். மூடவில்லையா, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சரி, அறுப்புக்கு வருவோம். எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட்டை இரண்டு ஸ்டூல் மேல் போட்டு நடுவில் அறுக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பாதி தாண்டியதும் ஷீட் தொய்யும். அறுத்த வாய் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். பிளேடின் முன்பக்கப் பற்கள் மேலே ஏறுகிறவை, பின்பக்கப் பற்கள் மேலேயிருந்து கீழே இறங்குகிறவை. பின்பக்கத்தைக் கவ்வினால் மிஷினையே பலகைக்கு மேலே தூக்கி, அறுக்கிறவரை நோக்கி எறியும். பல்லின் வேகம் மணிக்கு 180 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன், வங்கிப் புத்தி. ஆகவே ஷீட்டைத் தரையில் போடுங்கள். அடியில் கனமான தெர்மாகோல், இல்லாவிட்டால் நாலைந்து ரீப்பர் கட்டை. வெட்டுக்கு இரண்டு பக்கமும் தாங்கல் இருக்க வேண்டும், அதுதான் சூட்சுமம். பிளேடின் நேர்க் கோட்டில் நிற்காமல் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள். ஆழமும் முக்கியம்: ஆறு நூல், அதாவது முக்கால் அங்குலக் கனப் பலகைக்கு எட்டு நூல், ஒரு அங்குல ஆழம் வைத்தால் போதும். முழு பிளேடையும் இறக்கி வைக்காதீர்கள்.

நேராக அறுக்கக் கை பழக வேண்டும் என்பதெல்லாம் கட்டுக்கதை. கொத்தனார் பூச்சைச் சமப்படுத்த வைத்திருக்கும் நீள அலுமினியப் பட்டையை இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கி, அதை ஒட்டி மிஷினைத் தள்ளினால் தீர்ந்தது. பல் மேலே ஏறும்போது மேல் முகம்தான் பிசிறும் என்பதால், மைக்கா ஒட்டிய நல்ல முகம் கீழே இருக்கட்டும்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தானாம். பிளேடு பற்றி நிறைய வைத்திருந்தேன். சுருக்கமாக, மிஷினோடு வரும் 24 பல் பிளேடு கட்டைக்கு, பிளைவுட்டுக்கு 40 பல்லாவது வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயர் ஒல்லியாக இருந்தால் மோட்டார் சூடேறும். எர்த் பின் உள்ளதாக வாங்குங்கள். தூசியை லேசாக நினைக்காதீர்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே சொல்லிவிட்டது. துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது, தூசியை வடிகட்டுகிற மாஸ்க் போடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான். தொங்குகிற துண்டு, தளர்ந்த கைச்சட்டை, கையுறை மூன்றும் வேண்டாம். கையுறை ஏன் கூடாது என்று சொல்ல நேரமில்லை, சுற்றுகிற எதிலும் நூல் மாட்டினால் கை பின்னாலேயே போகும், அவ்வளவுதான். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.