ஆறு வத்தின பிறகுதான் அடுத்த அட்ரஸ் வருது

எல்லாருக்கும் ஸ்தோத்திரம், வணக்கம், ஹாய், உங்களுக்கு எது பழக்கமோ அதை எடுத்துக்கோங்க. முதல்ல ஒரு டெஸ்ட். [கை தட்டும் சத்தம்] கேட்டீங்களா? இன்னொரு தடவை. [கை தட்டும் சத்தம்] எதிரொலி இல்ல! போன வீடியோவுல கமெண்ட் பூரா "அக்கா, கிணத்துக்குள்ள இறங்கி பேசுறீங்களா"ன்னுதான் இருந்துச்சு. சாட்சி சொல்லி அழுதுட்டு இருக்கேன், உங்களுக்கு ஆடியோதான் கவலை. இருக்கட்டும்.

இந்த எதிரொலிக்கு நான் பட்ட பாட்டைச் சொல்லியே ஆகணும். புது வீட்டுல இந்த ரூம் வெறும் சுவரு. கதவுல போர்வை கட்டிப் பார்த்தேன், விழுந்துச்சு. மெத்தையை நிமிர்த்தி வச்சேன், அதுவும் பாதி பேச்சுல என் மேலேயே சாஞ்சுச்சு. மைக்கை வாய்க்குப் பக்கத்துல கொண்டு வந்தா மூச்சு சத்தம். ஃபேனை நிறுத்தினா வேர்வை, போட்டா இரைச்சல். கடைசில எது சரி பண்ணுச்சுன்னு அப்புறம் சொல்றேன், அதுக்கும் இன்னைக்குப் பேசப் போறதுக்கும் தொடர்பு இருக்கு.

என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். வேலை போச்சு, டிபார்ட்மென்டையே மூடிட்டாங்க, சின்ன வீட்டுக்கு வந்துட்டோம். அந்தக் கதையை திரும்ப ஓட்ட எனக்குத் தெம்பு இல்ல. இன்னைக்கு நான் வந்தது சண்டை போட. அந்த வீடியோவுக்கு அப்புறம் எனக்கு வந்த மெசேஜ்ல பாதிக்கு மேல ஒரே வரி: "கர்த்தர் ஒரு கதவை மூடினா இன்னொரு கதவைத் திறப்பார், சிஸ்டர்." அன்போடதான் அனுப்புறீங்க, புரியுது. ஆனா எனக்கு இந்த வரியைக் கண்டாலே ஆகாது. பைபிள்ல அப்படி ஒரு வசனமே கிடையாது. அவர் திறந்தா யாரும் பூட்ட முடியாதுன்னு வெளிப்படுத்தல் 3-ல இருக்கு, அது வேற விஷயம்.

சரி, கதவு கதைன்னே வச்சுக்குவோம். அப்போஸ்தலர் 16 எடுங்க. அப்போஸ்தலன் பவுல் ஆசியாவுல, அதாவது அப்போ அந்தப் பேர்ல இருந்த ரோம மாகாணத்துல, வசனம் சொல்லப் போறாரு, ஆவியானவர் தடுக்கிறாரு. பித்தினியாங்கிற இன்னொரு பகுதிக்குப் போகப் பார்க்கிறாரு, அதுவும் முடியல. ரெண்டு கதவு மூடியாச்சா? துரோவா பட்டணத்துல ராத்திரி தரிசனம். மக்கெதோனியாக்காரன் ஒருத்தன் நின்னு, "வந்து எங்களுக்கு உதவி செய்யும்"னு கூப்பிடுறான். ஆஹா, கதவு திறந்துடுச்சு! பிலிப்பி பட்டணத்துக்குப் போறாங்க. தரிசனத்துல வந்தது ஒரு ஆம்பளை, ஆனா அங்க ஓய்வுநாள்ல ஆத்தோரமா கூடியிருந்தது பொம்பளைங்க. முதல்ல இருதயம் திறந்தது ரத்தாம்பரம், அதாவது விலை உயர்ந்த ஊதாத் துணி, விக்கிற லீதியாளுக்கு. சரி, நல்லதுதான். அதே அதிகாரத்துல கொஞ்சம் கீழ வாங்க. துணியைக் கிழிச்சு, அடிச்சு, உள்காவல் அறையில போட்டு, காலைத் தொழுமரத்துல மாட்டுறாங்க. திறந்த கதவு நேரா ஜெயிலுக்குப் போச்சு! பவுல் வழி தப்பிப் போகல. சொன்ன இடத்துக்குத்தான் போனாரு. அதனால புது இடம் கஷ்டமா இருக்குன்னா, "தேவசித்தம் இல்லையோ"ன்னு என்கிட்ட கேக்காதீங்க ப்ளீஸ்.

இப்போ என் ஆளு. எலியா தீர்க்கதரிசி. என் சேனலைப் பழசுல இருந்து பார்க்கிறவங்களுக்குத் தெரியும், நான் எந்த டாபிக் எடுத்தாலும் எலியாகிட்டதான் போய் நிப்பேன். 1 இராஜாக்கள் 17. கேரீத் ஆத்தண்டை ஒளிஞ்சிருன்னு கர்த்தர் சொல்றாரு. காகங்கள் காலைலயும் சாயங்காலமும் அப்பமும் இறைச்சியும் கொண்டு வருது. ஆத்துத் தண்ணியைக் குடிச்சுக்கிறாரு. செட்டில் ஆயிட்டாரு மனுஷன். கொஞ்ச நாள்ல அந்த ஆறு வத்திப் போகுது. அந்த இடத்தை மெதுவா யோசிச்சுப் பாருங்க. ஆறு ஒரே நாள்ல வத்தாது. இன்னைக்கு முழங்கால் அளவு, அப்புறம் கணுக்கால் அளவு, அப்புறம் கல்லுக்கு நடுவுல ஒரு கோடு. அத்தனை நாளும் எலியா அதைப் பார்த்துட்டே இருந்திருக்கணும். அந்த நாளெல்லாம் கர்த்தர் எதுவும் சொன்னதா எழுதல. 7-ஆம் வசனத்துல ஆறு வத்துது. 8, 9-ஆம் வசனங்கள்லதான் "எழுந்து சாறிபாத்துக்குப் போ"ன்னு வார்த்தை வருது. தண்ணி குறைய ஆரம்பிச்சப்பவே அட்ரஸ் குடுத்திருக்கலாம்ல? குடுக்கல. ஏன்னு எனக்கு விளக்கம் சொல்லத் தெரியாது, சொல்ற மாதிரி நடிக்கவும் மாட்டேன். ஆனா சொன்ன இடத்தை விட்டு எலியா ஓடல, பாருங்க.

ஆங், முக்கியமானதை விட்டுட்டேன். அந்த ஆறு ஏன் வத்துச்சு? மழை இல்ல. மழை ஏன் இல்ல? அதே அதிகாரம் முதல் வசனத்துல "என் வாக்கின்படியே அன்றி மழை பெய்யாது"ன்னு ஆகாப் ராஜா முன்னாடி போய்ச் சொன்னது யாரு? எலியாவேதான்! யாக்கோபு நிருபத்துலயும் இருக்கு: மழை பெய்யக் கூடாதுன்னு அவர் கருத்தா ஜெபம் பண்ணாரு, 3 வருஷம் 6 மாசம் பெய்யல. ஜெபம் கேக்கப்பட்டதாலதான் அவரோட சொந்த ஆறு வத்துச்சு. உன் ஆறு வத்துதுன்னா நீ என்ன பாவம் செஞ்சன்னு கேக்குறவங்களை இந்த அதிகாரத்தை ஒரு தடவை வாசிக்கச் சொல்லணும். எனக்கு ஒருத்தங்க ஃபோன் பண்ணியே கேட்டாங்க. யாருன்னு சொல்ல மாட்டேன். வாசிங்கன்னு மட்டும் சொல்லி வச்சுட்டேன்.

அடுத்த அட்ரஸ் எங்கன்னும் பாருங்க. சாறிபாத் சீதோன் நாட்டுல இருக்கு. ஆகாபோட மனைவி யேசபேலோட அப்பா சீதோனியருக்கு ராஜா. எலியாவை எந்த ராணிக்கு ஆகாதோ, அவங்க பொறந்த சீமைக்கே அனுப்புறாரு. அங்க பராமரிக்கப் போறது யாரு? பானையில ஒரு பிடி மாவு, கலசத்துல கொஞ்சம் எண்ணெய், இதை மட்டும் வச்சுக்கிட்டு, நானும் பிள்ளையும் சாப்பிட்டுச் செத்துப் போகலாம்னு விறகு பொறுக்கிட்டு இருக்கிற ஒரு விதவை. நானா இருந்தா, "ஆண்டவரே, தப்பான வீட்டுக்கு வந்துட்டேன்"னு திரும்பியிருப்பேன். பானை நிரம்பி வழிஞ்சுதுன்னும் எழுதல. தீர்ந்து போகலன்னு மட்டும்தான் இருக்கு. தினமும் பானையைத் திறந்து பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். என் இப்போதைய நிலைமையும் அதுதான், இதுக்கு மேல விவரம் கேக்காதீங்க.

சரி, எதிரொலி. வீடு மாறினதுல இருந்து பெட்டிங்க எல்லாம் டேப் ஒட்டினபடியே ஹால்ல அடுக்கிக் கிடந்துச்சு. சோம்பேறித்தனம் இல்ல, மனசு வரல. பிரிச்சா இங்கயே இருக்கப் போறோம்னு ஆயிடும்ல. அப்போதான் யாரோ எரேமியா 29:11 அனுப்பினாங்க, உங்களைப் பத்தி நான் நினைக்கிறது தீமைக்கில்ல, சமாதானத்துக்குத்தான்னு கர்த்தர் சொல்ற வசனம், சூரிய உதயப் படம் போட்டு. வசனம் தப்பில்ல, ஆனா அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி எடுக்கிறது எனக்குப் பிடிக்காது. அது ஒரு கடிதம். எருசலேம்ல இருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவங்களுக்கு எரேமியா அனுப்பினது. 10-ஆம் வசனத்துல 70 வருஷம்னு இருக்கு. அன்னைக்கு அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவங்கள்ல எத்தனை பேர் ஊர் திரும்பியிருப்பாங்க? அதுக்கு முந்தின அதிகாரத்துல அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி, ரெண்டே வருஷத்துல எல்லாம் திரும்பி வந்துடும்னு சொல்றான். கேக்க எவ்ளோ சுகமா இருக்கு! பொய். சூரிய உதயப் படம் நியாயமா அவனுக்குத்தான் போகணும். எரேமியா சொன்னது வேற: வீடு கட்டிக் குடியிருங்க, தோட்டம் போட்டு அதோட பலனைச் சாப்பிடுங்க, கல்யாணம் பண்ணுங்க, நீங்க இருக்கிற அந்தப் பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்க. எந்தப் பட்டணத்துக்கு? சிறை பிடிச்சுக்கிட்டுப் போனவங்களோட பட்டணத்துக்கு!

அந்த ராத்திரியே கத்திரிக்கோலை எடுத்தேன். டேப்பை வெட்டி, துணி பூரா வெளியே. இதோ, கேமராவுக்குப் பின்னாடி ஒரு கொடி கட்டி, சேலை, போர்வை, பழைய ஸ்வெட்டர் எல்லாம் தொங்குது. காட்ட மாட்டேன், கேவலமா இருக்கு. ஆனா அதுக்கப்புறம் கை தட்டிப் பார்த்தேன் பாருங்க, சத்தம் அப்படியே அடங்கிடுச்சு! ரூமுக்குள்ள தனியா குதிச்சேன். புக் பெட்டி மட்டும் இன்னும் பிரிக்கல, அலமாரி வரட்டும்.

போறதுக்கு முன்னாடி ஒரு கமெண்ட். ஒரு சகோதரி கேட்டிருக்காங்க, "அக்கா, ராத்திரி ஆனா கர்த்தர்கிட்ட முறையிட்டுப் புலம்புறேன், இது அவிசுவாசமா?" நான் ரூத் ஒண்ணாம் அதிகாரத்தைச் சொல்றேன். புருஷனையும் ரெண்டு மகன்களையும் பறிகொடுத்த நகோமி பெத்லகேமுக்குத் திரும்பி வந்து ஊர் முன்னாடி என்ன சொல்றாங்க? "நிறைவா போனேன், கர்த்தர் என்னை வெறுமையா திரும்பி வரப் பண்ணினார்." இதை விடப் பெரிய புலம்பல் உண்டா? யாரும் அவங்களைக் கண்டிக்கல. இதுல வேடிக்கை, அந்த வெறுமைன்னு சொல்ற நேரம் மருமக ரூத்து கூடவே வந்திருக்கா! நாலாம் அதிகாரத்துல ஊர்ப் பொம்பளைங்க அதே மருமகளை "ஏழு குமாரரைப் பார்க்கிலும் உனக்கு அருமையானவள்"னு சொல்றாங்க. அதனால நீங்க தாராளமா புலம்புங்க. ஆனா கர்த்தர்கிட்டயே புலம்புங்க, ஃபேமிலி குரூப்ல வேணாம்.

கமெண்ட்ல எழுதுங்க, உங்க வீட்டுல எந்தப் பெட்டி இன்னும் பிரிக்காம கிடக்குன்னு. கதவு வசனம் போட்டீங்கன்னா டெலிட் பண்ணிடுவேன், சொல்லிட்டேன்.