இருமலுக்குத் தடை போடாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். நுரையீரல் அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது என் வேலை. வார்டுக்குள் நுழைந்தாலே காதில் விழுவது இதுதான்: "இருமாதீங்கப்பா, தையல் பிரிஞ்சிடும்." சொல்வது மகளோ மனைவியோ. பாசம்தான், என்ன செய்வது! ஆனால் அதைக் கேட்டு நடக்கிற அப்பாவுக்கு மூன்றாம் நாளோ நான்காம் நாளோ காய்ச்சல் வந்து, எக்ஸ்ரேயில் நிமோனியா தெரிவதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

உடம்பு நன்றாக இருக்கும்போது நாம் அறியாமலேயே மணிக்குப் பல முறை பெருமூச்சு விடுகிறோம். சுருங்கிப்போகும் சின்னச் சின்னக் காற்றறைகள் அதில் மறுபடி விரிந்துவிடும். விலாவைத் திறந்து நுரையீரலின் ஒரு மடலை எடுத்த பிறகு, வலிக்குப் பயந்து மேல்மூச்சு மட்டும்தான் ஓடும். அடியில் இருக்கும் அறைகள் மூடிக்கொள்ளும். சளி தேங்கும். தேங்கிய இடத்தில் கிருமி சேரும்.

அதனால் முதல் விஷயம் வலி. "பொறுத்துக்கிறேன் சார்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பவரால் இரும முடியாது. நர்ஸிடம் மருந்து கேளுங்கள், அது வேலை செய்யத் தொடங்கியதும் பயிற்சியை ஆரம்பியுங்கள். நிமிர்ந்து உட்காருங்கள். தலையணையைத் தையல் மேல் வைத்து அணைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக ஆழமாக இழுத்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவோமே, அதுபோல "ஹா" என்று இரண்டு மூன்று முறை விடுங்கள். சளி மேலே வந்ததும் இருமித் துப்புங்கள். தையலைப் பற்றிக் கவலை வேண்டாம். விலாவைத் திறந்து செய்திருந்தால், உள்ளே எலும்புகளையே கெட்டியான நூலால் சேர்த்துக் கட்டியிருப்பார்கள்.

அப்புறம், மூச்சை இழுத்துப் பழகக் கொடுக்கும் அந்த மூன்று பந்துக் கருவி. புதிதாகக் கையில் வாங்குகிறவர்களில் பலர் பலூன் போல அதற்குள் ஊதுகிறார்கள். இளநீரை ஸ்ட்ராவில் குடிப்பது போல இழுக்க வேண்டும். அதில் 600, 900, 1200 என்று எழுதியிருப்பது நொடிக்கு எத்தனை மில்லி காற்று இழுக்கிறீர்கள் என்ற கணக்கு. வேகமாக இழுத்து மூன்றையும் படாரென்று தூக்குவதைவிட, ஒரு பந்தை மூன்று நொடி மேலேயே நிறுத்துவது நல்லது. ஆனால் அதை மட்டும் நம்பி நாளெல்லாம் படுத்துக் கிடந்தால் பயன் இல்லை. மருத்துவர் அனுமதித்தால் மறுநாளே எழுந்து நடக்க வேண்டும். நெஞ்சிலிருந்து வரும் குழாயின் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டே நடக்கலாம், அது நெஞ்சு மட்டத்துக்குக் கீழே இருந்தால் போதும்.

இன்னும் ஆபரேஷன் ஆகாதவர்கள் பீடி சிகரெட்டை இன்றே விடுங்கள், குறைந்தது நான்கு வாரம் முன்னதாக விட்டிருந்தால் நல்லது. இரண்டு வேளையும் பல் துலக்குங்கள். வாயில் இருக்கும் கிருமிதான் நெஞ்சுக்குள் இறங்குகிறது. படுத்தபடி கஞ்சி குடிப்பதும் வேண்டாம், புரையேறும். பார்க்க வருகிற சொந்தக்காரருக்குச் சளி இருந்தால், வீடியோ காலில் நலம் விசாரிக்கட்டும்.

வீட்டுக்குப் போன பிறகு காய்ச்சல் வந்தாலோ, சளி பச்சையாகவோ நாற்றத்தோடோ வந்தாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, அடுத்த ஓபி நாள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரி ஆனாலும் கிளம்பி வாருங்கள். வணக்கம்.